யாரும் காட்டாத ஓலை

திருநாவலூர் சுந்தரர் பிறந்த ஊர். அவருடைய கல்யாணத்தில் ஒரு கிழவர் புகுந்து, உன் பாட்டன் எழுதித் தந்த ஓலைப்படி நீ எனக்கு அடிமை என்று வழக்காடியதைப் பெரியபுராணம் சொல்கிறது. சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்தார். திருவெண்ணெய்நல்லூர் சபையில் கிழவர் மூல ஓலையைக் காட்டிய பிறகுதான் தீர்ப்பு வந்தது. வந்தவர் சிவனே ஆனாலும் ஆவணம் காட்ட வேண்டியிருந்தது. மணமேடையில் விடப்பட்ட பெண்ணின் வழக்கை மட்டும் எந்தச் சபையும் விசாரிக்கவில்லை.

இந்த ஊரில் நான் ஒரு தையல் கடையை விலைக்கு வாங்கினேன். இரண்டு தையல் மெஷின், ஒரு ஓவர்லாக் மெஷின், கடை அட்வான்ஸ், பழைய வாடிக்கை. பகலில் உளுந்தூர்பேட்டையில் கணக்கு எழுதும் வேலை, சாயங்காலம் கடை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, ஒரு பெண் தன் உழைப்பில் சேர்த்ததும் விலைக்கு வாங்கியதும் முழுக்க அவளுடையவை. ஆக, மெஷின் என்னுடையது. அதை மிதிக்கும் நேரம் யாருடையது?

கடை வாங்கியதும் எல்லோரும் கேட்டது, "புள்ளைய யாரு பாத்துக்குவா?" தொழில் தொடங்கும் எந்த அப்பாவிடமும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டுவேலை செய்வோரில் பெண்கள் நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடம், ஆண்கள் 97. இந்த வித்தியாசத்துக்கு ஓலை எங்கே? எழுதியது எந்தப் பாட்டி? கேட்டால், அன்பு என்பார்கள். பிள்ளைமேல் உள்ள அன்பு கடமையைக் கொண்டுவரும், உண்மைதான். அப்பாவுக்கும் அதே அன்பு இருக்கிறதே, அவருக்கு மட்டும் கடமை ஏன் பாதியாகிறது?

இதே கேள்வி என் பக்கமும் திரும்பும். நான் கடையில் இருக்கும்போது பிள்ளையைப் பார்ப்பது என் அம்மா. ஹெம்மிங் செய்து ஹூக் வைக்கும் பெண்ணுக்குப் பீஸ் கணக்கில் கூலி. அவர்களுடைய நேரத்தின்மேல் எனக்கு என்ன ஓலை இருக்கிறது? ஆண் ஏற்காத பங்கை இன்னொரு பெண்ணின் தலையில் இறக்கி வைத்துவிட்டு நான் முதலாளி ஆனால், அடிமைத்தனம் ஒழியவில்லை, கைமாறியிருக்கிறது.

அதனால் எங்கள் வீட்டில் வாரத்துக்கு மூன்று சாயங்காலம் பிள்ளையும் அடுப்பும் அவர் பொறுப்பு. அம்மா வர முடியாது என்றால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கூலியை அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவுசெய்கிறேன். லாபம் கொஞ்சம் குறைகிறது. கடை என் பெயரில் இருந்தால் மட்டும் போதாது. அது யாருடைய நேரத்தில் நடக்கிறதோ அவர்கள் சம்மதத்தோடு நடக்க வேண்டும். சொந்தம் என்ற சொல்லுக்கு நியாயமான பொருள் எனக்கு அதுதான்.