ஆய்வுக் கூட்டுறவும் மூன்றாமவரும்

பல்கலைக்கழகங்கள் நாட்டெல்லை கடந்து இணைந்து ஆராய்ச்சி செய்வது நம் காலத்தின் வழக்கமாகிவிட்டது. ஒரு பல்கலைக்கழகம் பணத்தையும் கருவிகளையும் அளிக்கின்றது. மற்றொன்று களத்தையும் ஆட்களையும் அளிக்கின்றது. இரண்டும் ஓர் உடன்படிக்கையிற் கையெழுத்திடுகின்றன. வளர்முக நாடுகளின் ஆய்வு நிருவாகம் இத்தகைய கூட்டுறவால் வலுப்பெறும் என்பது பொதுவான நம்பிக்கை. அந்நம்பிக்கை பிழையானதன்று. ஆயினும், நிருவாகம் யார்பொருட்டு வலுப்பெறவேண்டும் என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. உடன்படிக்கையிற் கையெழுத்திடாத மூன்றாமவர் ஒருவர் இருக்கின்றார். அவரே ஆராயப்படுபவர். அவருக்குக் கூட்டாளிகள் கடமைப்பட்டோர் எனின், அக்கடமை எவ்விடத்தில் நிறைவேற்றப்படுகின்றது?

இவ்வினாவைப் பொதுமையில் நிறுத்தாது சப்ரகமுவ மாகாணத்தில் வைத்து நோக்குவோம். 1995ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சப்ரகமுவப் பல்கலைக்கழகம் இரத்தினபுரி மாவட்டத்தின் பெலிகுல் ஓயாவில் அமைந்துள்ளது. சமனலவாவி நீர்மின் திட்டத்துக்கென எழுப்பப்பட்ட கட்டடங்களையே அது தன் இருப்பிடமாகப் பெற்றது. அத்திட்டமோ யப்பானினதும் பிரித்தானியாவினதும் நிதியுதவியால் உருவானது. பன்னாட்டுக் கூட்டுறவு விட்டுச்சென்ற வீட்டிற் குடிபுகுந்த பல்கலைக்கழகம் என அதனைக் கூறலாம்.

அந்நீர்த்தேக்கம் அமைந்த நிலப்பரப்பிலேயே நல்லதோர் ஆய்வும் நிகழ்ந்தது. பிரித்தானியத் தொல்லியலாளர் ஜில் ஜூலெவ் அங்குள்ள மலைச்சரிவுகளில், பருவக்காற்றை எதிர்நோக்கி மேற்றிசை பார்த்து அமைக்கப்பட்ட பழைய இரும்புலைகளை ஆராய்ந்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கொல்லர், துருத்தியின்றிக் காற்றின் விசைகொண்டே இரும்புருக்கினர் என்பதை, உலையை மீளக் கட்டி இயக்கியும் அவர் காட்டினார். 1996இல் 'நேச்சர்' இதழில் அது வெளியாயிற்று. காற்றை மட்டும் நம்பிய உலையைத் தொழில்நுட்ப வரலாறு தாழ்வாகவே மதித்துவந்த நிலையில், அம்மதிப்பை இம்மண்ணின் சான்று திருத்தியது. வெளியாரின் ஆய்வு அனைத்தும் சுரண்டலே என்போர் இதனை மறத்தலாகாது.

எனினும், அக்கொல்லரிடம் அனுமதி கேட்க எவராலும் இயலாது. அதே மாவட்டத்தின் லயங்களில் இன்று வாழ்வோரிடம் கேட்க இயலும். இரத்தினபுரியிலும் கேகாலையிலும், பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை எனப் பரந்துகிடக்கும் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களின் மக்கள், போசாக்கு, சுகாதாரம், வறுமை, கல்வி ஆகிய துறைகளின் ஆய்வாளருக்கு உகந்த களமாகின்றனர். நேர்காணலுக்கு முன் அவர்களிடம் ஓர் ஒப்புதற் படிவம் நீட்டப்படுகின்றது. அவர்கள் கையெழுத்திடுகின்றனர். சட்டம் நிறைவுறுகின்றது, அறம் நிறைவுறுகின்றதா?

இங்கே வரலாற்றைச் சற்று நினைவுகூர்தல் வேண்டும். தோட்ட மக்களின் வாழ்வைப் பிறர் எழுதிய தாள்களே தீர்மானித்து வந்துள்ளன. இவ்வளவு கடனைச் செலுத்தும் தோட்டத்துக்கு இவ்வாட்களை விடுவிப்பேன் எனத் துரை எழுதிக்கொடுத்த 'துண்டு' 1921இலேதான் ஒழிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் சட்டமும் 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமும் விண்ணப்பங்களையும் சான்றிதழ்களையும் அவர்தம் தலைவிதியாக்கின. எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே குடியுரிமை கிடைத்தது. இவ்வாறு ஏறத்தாழ நூறாண்டுக் காலம், தமக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்ட தாளில் ஒப்பமிடுவதே வாழும் வழி எனக் கற்ற ஒரு சமூகத்திடம் நாம் மற்றுமொரு தாளை நீட்டுகின்றோம். அவர்கள் மறுக்காமையை உடன்பாடு எனக் கொள்ளுதல் எளிது; நியாயம் அன்று.

இடமும் நேரமும் இதனோடு சேர்கின்றன. தோட்டத்தினுள் நுழைவதற்கு நிருவாகத்தின் அனுமதி வேண்டும். துரையின் அனுமதியோடு வந்தவர் என அறிந்தபின் தொழிலாளி எங்ஙனம் மறுப்பார்? பிரட்டுக் களத்திற் கேட்கப்படும் ஒப்புதல், கட்டளைக்குக் கீழ்ப்படிதலின் மறுவடிவமே. மேலும், கொழுந்தெடுக்கும் நேரத்தில் ஒரு மணிநேர நேர்காணல், குறித்த நிறையை எட்டவியலாது செய்து முழுப்பேரை அரைப்பேராக்கிவிடக் கூடும். ஆய்வாளரின் நாட்சம்பளம் திட்டச் செலவில் எழுதப்பட்டிருக்கும். அப்பெண் இழந்த அரைப்பேருக்கு அத்திட்டத்திற் பத்தி உண்டா?

திரட்டிய தரவுகளைக் காத்தலும் இம்மாகாணத்தில் வெறும் தொழில்நுட்ப வினா அன்று. நுவரெலியாவைப் போலன்றிச் சப்ரகமுவத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களின் நடுவே சிறு திட்டுக்களாகச் சிதறியுள்ளன. 1977இலும் 1981இலும் அவை தாக்குதலுக்கு உள்ளாயின. பலர் வன்னிக்கு இடம்பெயர்ந்தனர். 1983இல் கொழும்பிலே வாக்காளர் இடாப்பைக் கையிற் கொண்டு தமிழர் வீடுகள் தேடப்பட்டன. எந்த லயத்தில் எந்தக் குடும்பம் வாழ்கின்றது என்னும் பட்டியல் தொலைநாட்டுக் கணினியொன்றில் யாருடைய பொறுப்பிற் கிடக்கின்றது எனக் கேட்பது, ஆகவே, அச்சமிகுதியால் எழும் கேள்வியன்று.

மனிதனை வெறும் கருவியாகக் கொள்ளற்க என்று காண்ட் வகுத்த நெறியை நம் மாணவர் அனைவரும் அறிவர். அந்நெறியை நாள்தோறும் நடைமுறைப்படுத்த வேண்டியவர் மெய்யியலாளர் அல்லர். ஆய்வு அலுவலகத்திலிருந்து கோப்புப் பார்ப்பவர். ஒப்புதற் படிவத்தைத் தோட்டத்துப் பேச்சுத் தமிழில் எழுதுவிப்பது, தரவின் படியொன்றைப் பெலிகுல் ஓயாவில் வைத்திருப்பது, முடிவுகளை லயத்துக்கே கொண்டுசென்று வாசித்துக் காட்டுவது, பொருந்தாத உடன்படிக்கையைத் திருப்பியனுப்புவது ஆகியவை அலுவலகப் பணிகளே. இதனாலேயே ஆய்வு நிருவாகத்தை எழுதுவினைஞர் வேலை எனத் தள்ளிவிட நான் உடன்படேன்.

அப்பணிகளுக்குப் பணம் வேண்டும். அப்பணம் பகிரப்படும் முறையைக் காண்க. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகங்கள், தம் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு நிருவாகத்துக்கும் கட்டடங்களுக்குமான மறைமுகச் செலவை நெடுங்காலமாகப் பேச்சுவார்த்தை மூலம் வகுத்துவந்தன. நேர்ச்செலவின் 50 விழுக்காட்டையும் கடந்த வீதங்கள் அங்கே பல. பிறநாட்டு நிறுவனங்களுக்கோ அது 8 விழுக்காடு என வரையறுக்கப்பட்டது. அலுவலகம் வலுவற்றது என்பதற்காகக் குறைத்துக் கொடுத்து, குறைத்துக் கொடுத்தமையால் அது வலுவற்றே இருக்கும் நிலை இது. இதன்மேல் நிலையாமையும் உண்டு. 1.5 பில்லியன் பவுணுடன் 2016இல் பிரித்தானியா தொடங்கிய உலகளாவிய சவால்கள் ஆய்வு நிதி இதற்குச் சான்று. நாட்டு வருமானத்தில் வெளிநாட்டு உதவியின் பங்கை 0.7இலிருந்து 0.5 விழுக்காடாகக் குறைத்தபின், 2021 மார்ச்சில், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட திட்டங்களுக்கே 120 மில்லியன் பவுண் போதாது என அறிவிக்கப்பட்டது. இலண்டனில் ஒரு வரவுசெலவு முடிவு. நடுவழியில் நின்றன வேறு கண்டங்களின் களப்பணிகள். பதில் அறியும் உரிமை, பதிலளித்த தாய்க்கு மட்டும் எந்த உடன்படிக்கையிலும் எழுதப்படவில்லை.

வேறு வழி இல்லையெனக் கூறவியலாது. தென்னாபிரிக்காவின் சான் மக்கள் மரபணு ஆய்வாளரின் வருகையாற் சலிப்புற்றவர்கள். 2010இல் வெளியான மரபணுத் தொகுதி ஆய்வொன்றில், தனியாட்களிடம் ஒப்புதல் பெறப்பட்டதேயன்றித் தம் பேரவையிடம் கேட்கப்படவில்லை என அவர்கள் முறையிட்டனர். 2017இல் தமக்கென ஆய்வு ஒழுக்கக்கோவை ஒன்றைத் தாமே வகுத்து வெளியிட்டனர். மதிப்பு, நேர்மை, நீதி, அக்கறை என்பன அதன் அடிப்படைகள். ஆராயப்படுவோர் நிபந்தனை விதித்தால் ஆய்வு நின்றுவிடும் என்றோர் அச்சம் உண்டு. நிபந்தனையை ஏற்கமாட்டாத ஆய்வு நிற்பதில் எனக்கு வருத்தமில்லை. ஏழைப் பல்கலைக்கழகம் வந்ததை ஏற்கவேண்டும் என்னும் மறுப்போ வலிமையுடையது. அதனை எளிதில் ஒதுக்கலாகாது. இளம் விரிவுரையாளர் ஒருவரின் கலாநிதிப் பட்டம் அத்தகைய நிதியையே நம்பியிருக்கக் கூடும். ஆயினும் அவர் செலுத்தும் விலை தம்முடையது அன்று, தோட்டத்தவருடையது என்பதை அவர் அறிந்தே செலுத்த வேண்டும்.

சப்ரகமுவத் தோட்டங்களிற் சான் மக்களின் பேரவை போன்றதொன்று இல்லை என்பதே மெய்யான இடர். தொழிற்சங்கங்கள் உள, அவை சம்பளத்துக்காகப் பேசக் கற்றவை. கோயிற் கமிற்றிகள் உள. அவற்றிற் பெண்களின் குரல் அரிது. பல்கலைக்கழகத்தின் தமிழறிந்த ஆசிரியர் அவர்களுக்காகப் பேசலாமே எனின், மொழி ஒன்றாயிருப்பதாலேயே வாழ்வும் ஒன்றாகிவிடாது. லயத்திலிருந்து பெலிகுல் ஓயாவின் விரிவுரை மண்டபம் வரையுள்ள தொலைவு, சில வேளைகளில் அங்கிருந்து இலண்டன் வரையுள்ளதினும் மிகுதி. அடுத்த உடன்படிக்கை வரையப்படுமுன், ஒரே ஒரு தோட்டத்தின் ஒரு டிவிசனில், பிள்ளைக் காம்பராவுக்குக் குழந்தைகளைக் கொண்டுவரும் தாய்மாரிடமும் பால்வெட்டும் தொழிலாளரிடமும், துரை இல்லாத வேளையில், எதனை ஆராய வேண்டும் என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். அதற்கு வெளிநாட்டு நிதி வேண்டியதில்லை. பலாங்கொடைக்குச் செல்லும் பஸ் கட்டணமே போதும்.