கேள்வி கேட்கவா பயம்?

"எந்தக் கட்சி வந்தா என்னங்க? நம்ம பொழப்ப நாமதானுங்க பாக்கோணும்!"

பேக்கரி வாசலில் டீயைக் குடித்துவிட்டு இப்படிச் சொல்லிக் கிளம்புகிறவரே, கொஞ்சம் நில்லுங்கள்! 1967இல் தொடங்கி அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கோட்டை இரண்டு கழகங்களுக்குள்ளேயே கைமாறியது, உண்மைதான். ஆனால் சின்னம் குறைந்தால் உங்கள் பொறுப்பும் குறையும் என்று யார் சொன்னது?

ஈரோடு மாவட்டத்து மொடக்குறிச்சியைப் பாருங்கள். 1996 சட்டமன்றத் தேர்தல். எங்கள் குறையைக் கேட்க நாதியில்லை என்று கொதித்த விவசாயிகள் கூட்டங்கூட்டமாக மனுத்தாக்கல் செய்தார்கள். களத்தில் 1,033 பேர்! வாக்குச்சீட்டே புத்தகமானது. நாடு திரும்பிப் பார்த்தது. ஆனால் 88 பேருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. வென்றவர் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன். 250 ரூபாயாக இருந்த டெபாசிட் அதன்பின் 5,000 ரூபாயானது. சிதறிய கோபம் செய்தியாகும். சேர்ந்த கோபம்தான் சக்தியாகும்!

அதே தொகுதி, 2021. அதே சுப்புலட்சுமி ஜெகதீசன் பா.ஜ.க.விடம் தோற்றார். வித்தியாசம் 281 வாக்கு. ஒரு கல்யாணப் பந்தியில் உட்காரும் கூட்டம், அவ்வளவுதான்! "என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடும்?" என்று இனியும் கேட்பீர்களா?

2013 முதல் நோட்டா இருக்கிறது. அழுத்துங்கள், உங்கள் உரிமை. ஆனால் நோட்டாவே முதலிடம் வந்தாலும் அடுத்து நிற்பவர்தான் எம்.எல்.ஏ. ஆகவே விரல் மையோடு வேலை முடிவதில்லை.

1972இல் விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவைச் சாலைகளை மாட்டுவண்டிகள் மறித்தது எந்தச் சின்னத்துக்காகவும் அல்ல, மின்கட்டணத்துக்காக. அத்திக்கடவு–அவிநாசித் திட்டத் தண்ணீரைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டவர்கள் ஆட்சி மாறியதும் வாயை மூடிக்கொள்ளவில்லை. 2019இல் பழனிசாமி அடிக்கல் நாட்டினார். 2024இல் ஸ்டாலின் திறந்துவைத்தார். விடாமல் கேட்டதால் இரண்டு கட்சிகளும் ஒரே குழாயில் தண்ணீர் விட வேண்டியதாயிற்று!

வேட்பாளரின் பிரமாணப் பத்திரத்தைப் படியுங்கள். சொத்து, கடன், வழக்கு எல்லாம் அதில் இருக்கிறது. கவரை நீட்டினால் கையை மடக்குங்கள். வென்றவர் நீங்கள் ஓட்டுப் போட்டவரோ இல்லையோ, ஐந்து வருடமும் கணக்குக் கேளுங்கள். தனியாகக் கேட்டால் மனு. ஊரோடு கேட்டால் உத்தரவு!

பாறையைப் பிளந்து கிணறு வெட்டிய கொங்கு மண் இது. இந்த மண்ணில் பிறந்தவருக்குக் கேள்வி கேட்கவா பயம்?