கழற்றிப் பார்த்த பிறகு

"தேய்ந்துவிட்டது, மாற்றிவிடுங்கள்." சைக்கிள் கடைகளில் இன்று அடிக்கடி காதில் விழும் வசனம் இது. இதில் இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது தீர்ப்பு; இரண்டாவது கட்டளை. தீர்ப்புச் சரிதானா என்று விசாரிக்காமலே கட்டளையை நிறைவேற்ற நாம் பணப்பையைத் திறந்துவிடுகிறோம். ஒரு பொருளை எப்போது 'முடிந்துவிட்டது' என்று சொல்லலாம்? அப்படிச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? இது சிக்கனம் பற்றிய கேள்வி மட்டுமல்ல, அறம் பற்றிய கேள்வியும்கூட என்பது என் எண்ணம். சைக்கிளின் கியர் லீவரை வைத்தே அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

கிழக்கிலங்கையின் கரையோர ஊர்கள் சமதரை. எங்கள் வாப்பாமார் ஓட்டிய சைக்கிள்களில் பெரும்பாலானவற்றுக்குக் கியரே கிடையாது. பின்னர் ஜப்பானில் பாவித்த சைக்கிள்கள் வந்திறங்கின. கைபிடியில் ஒரு லீவர். விரலால் தள்ளினால் 'டிக்' என்ற ஓசையோடு ஒரு கியர். இந்த 'டிக்' ஓசைக்கும் ஒரு வரலாறு உண்டு. பழைய வகை லீவரை ஓட்டுபவரே மெல்ல இழுத்து, சங்கிலி பல்லில் சரியாக அமர்ந்ததா என்பதைக் காதாலும் காலாலும் உணர்ந்து நிறுத்த வேண்டும். 1984 இல் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம், லீவர் தானாகவே படிப்படியாக நிற்கும் முறையைத் தனது உயர்தர உதிரிப்பாகங்களில் அறிமுகப்படுத்தியது. சில ஆண்டுகளில் அது சாதாரணச் சைக்கிள்களுக்கும் பரவியது. ஓட்டுபவரின் உணர்விலிருந்த அறிவு லீவருக்குள் குடிபெயர்ந்தது. வசதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் உள்ளே போய்விட்ட அந்த அறிவைக் காண வேண்டுமானால் மூடியைக் கழற்ற வேண்டும்.

உள்ளே பெரிய இரகசியம் எதுவுமில்லை. ஒரு பல்லுச் சக்கரம். அதைத் தள்ளுவதற்கு நாக்குப் போன்ற ஒரு சிறு தகடு. தள்ளிய இடத்தில் பிடித்து நிறுத்த இன்னொரு நாக்கு. அவற்றைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர மெல்லிய சுருள்வில்லுகள். தொழிற்சாலையில் பூசிய கிறீஸ் ஆண்டுக்கணக்கில் காய்ந்து, தூசியும் சேர்ந்து, மெழுகு போல் இறுகிவிடுகிறது. அப்போது நாக்கு எழும்பாமல் ஒட்டிக்கொள்ளும்; பல்லைப் பிடிக்காது. லீவரைத் தள்ளினால் வெறுமனே போய்வரும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தேய்ந்துபோனதாகவே தோன்றும். உண்மையில் எதுவும் தேய்ந்திருக்காது. மண்ணெண்ணெயில் கழுவி, லீவரைப் பலமுறை தள்ளித் தள்ளி நாக்கை இளக்கி, ஈரம் உலர்ந்த பின் மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் மீண்டும் 'டிக்' கேட்கும்.

சிலவேளை குற்றம் லீவரிலேயே இருக்காது. கடற்காற்றின் உப்பால் கேபிள் அதன் உறைக்குள் துருவேறி இறுகியிருக்கும். அந்நிலையில் புது லீவர் பூட்டினாலும் பயனில்லை. மெய்யாகவே தேய்வதும் உண்டு. பிளாஸ்டிக்கில் செய்த படிகள் மழுங்கியிருக்கும், சுருள்வில் ஒடிந்திருக்கும். ஆக, ஒட்டிக்கொண்டது, குற்றம் வேறிடத்தில் இருப்பது, தேய்ந்தது என மூன்று நிலைகள். மூன்றும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். கழற்றினால்தான் வேறுபாடு தெரியும்.

மெய்யியல் படித்தவர்கள் தீசியஸின் கப்பலை அறிவார்கள். அதென்ஸ் நகரத்தார் அந்தக் கப்பலைப் பேணிக்காத்து, உக்கிய பலகைகளை அகற்றிப் புதுப் பலகைகளைப் பொருத்தி வந்தனர் என்று புளூட்டார்க் எழுதிவைத்தார். எல்லாப் பலகைகளும் மாறிய பின் அது அதே கப்பலா என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். எனக்கு அந்தக் கதையில் வேறொன்று தென்படுகிறது. எந்தப் பலகை உக்கியது, எது உக்காதது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்த ஒரு தச்சன் இருந்திருக்க வேண்டுமல்லவா? அவனைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அவனுடைய கண்ணும் கையும் இல்லையென்றால் கப்பலும் இல்லை, விவாதமும் இல்லை.

அந்தத் தச்சனைப் போன்ற ஒருவர் எங்கள் ஊர்ச் சந்தியில் இருக்கிறார். ஓலைக் கொட்டில்தான் அவருடைய கடை. பத்தாம் ஆண்டில் படிக்கும் என் மாணவன் ஒருவனின் சைக்கிளை அவனது வாப்பா அங்கே கொண்டுவந்திருந்தார். லீவர் போய்விட்டது, புதிது போட வேண்டும் என்று வேறோரிடத்தில் சொல்லியிருந்தார்களாம். இவர் முதலில் லீவரைத் தொடவில்லை. கேபிளைக் கழற்றிக் கையால் இழுத்துப் பார்த்தார். அது தடையின்றி ஓடியது. பிறகுதான் மூடியின் ஆணியைத் திருகினார். முக்கால் மணி நேரம் குந்தியிருந்து வேலை செய்தார். லீவர் சரியாகிவிட்டது. அவர் கேட்ட கூலி மிகவும் சிறியது. மாணவனின் வாப்பா சொன்னார்: "ஒரு சாமானும் மாத்தல்லியே காக்கா, என்னத்துக்குச் சல்லி?"

"மாத்தியிருந்தா தந்திருப்பீங்கதானே தம்பி" என்று சொல்லிவிட்டுக் காக்கா கையைத் துடைத்துக்கொண்டார்.

கேட்டவர் கெட்ட மனிதரல்லர். கடையில் புது லீவருக்கு விலை சொன்னால் பேரம் பேசாமல் கொடுத்திருப்பார். பொருளுக்குக் காசு கொடுப்பது நமக்கு இயல்பாக வருகிறது. கையிலிருக்கும் பொருள் நல்லதுதான் என்று கண்டுபிடித்துச் சொல்லும் அறிவுக்குக் காசு கொடுக்க மனம் வருவதில்லை. மாற்றினால் ஊதியம், காப்பாற்றினால் வெறுங்கை என்ற நிலையை ஒரு தொழிலாளிக்கு ஏற்படுத்திவிட்டு, 'எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள்' என்று குறைப்படுவதில் நியாயமில்லை. அவருடைய நேர்மைக்கு நாமே தண்டம் விதிக்கிறோம்.

2022 ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. மூலையில் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் வெளியே வந்தன. புது உதிரிப்பாகம் கிடைக்காதபோது 'தேய்ந்துவிட்டது' என்று சொல்லப்பட்ட எத்தனையோ பாகங்கள் திருந்தி ஓடின. நெருக்கடி தணிந்ததும் பழைய வசனமும் திரும்பிவிட்டது. இல்லாமையால் செய்தது இல்லாமையோடு போய்விடும். பொருள் கிடைக்கும்போதும், காசு இருக்கும்போதும், ஒரு கணம் நின்று பார்ப்பதைத்தான் பண்பு என்று சொல்லலாம். தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்ட நபி (ஸல்) அவர்களின் வழக்கத்தைப் பணிவுக்கு உதாரணமாக நாம் எடுத்துச் சொல்கிறோம். ஒரு பொருளின் மீது காட்டிய கவனத்துக்கும் அது உதாரணம்தான்.

இதற்கு மறுப்புகளும் உண்டு. எல்லாவற்றையும் திருத்திக்கொண்டேயிருப்பது ஒரு பிடிவாதம் என்பார்கள். உண்மைதான். இழைகள் அறுந்த பிரேக் கேபிளை முடிச்சுப் போட்டுத் தருபவர் தொழிலாளியல்லர், உயிரோடு விளையாடுபவர். வெடித்த கைபிடியை ஒட்டவைத்துக் கொடுப்பதும் அப்படியே. அவ்விடத்தில் "இது முடிந்துவிட்டது" என்று சொல்வதே நேர்மை. நாளைக் காலை பரீட்சைக்குப் போக வேண்டிய பிள்ளைக்கு இன்றிரவே சைக்கிள் தேவையென்றால் புதிதை வாங்கிப் பூட்டுவதும் தவறல்ல. நான் கேட்பது திருத்துவதா மாற்றுவதா என்ற முடிவை அல்ல. அந்த முடிவு பார்வைக்குப் பின்னால் வரட்டும் என்பதே.

உலகம் இதை உணரத் தொடங்கியிருக்கிறது. 2024 இல் ஐரோப்பிய ஒன்றியம், சலவை இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி, கைத்தொலைபேசி போன்ற சில பொருட்களை உத்தரவாதக் காலம் முடிந்த பின்னரும் நியாயமான விலையில் திருத்திக் கொடுக்க உற்பத்தியாளரைக் கட்டாயப்படுத்தும் சட்டத்தை நிறைவேற்றியது. நல்ல காரியம். சட்டம் நிறுவனத்தை உதிரிப்பாகம் விற்கச் செய்யும். ஆனால் ஒரு மனிதனைக் குந்தியிருந்து மூடியைக் கழற்றிப் பார்க்கச் செய்ய எந்தச் சட்டத்தாலும் முடியாது. அதற்கு ஒரு பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்தை மதிக்கும் ஊரும் வேண்டும்.

ஆசிரிய கலாசாலையில் எங்களுக்குக் குறையறி சோதனை பற்றியும் பரிகாரக் கற்பித்தல் பற்றியும் சொல்லித்தந்தார்கள். முன்னது இல்லாமல் பின்னது இல்லை என்பது பாடம். நடைமுறையில் ஆசிரியர் அறைகளில் கேட்பது வேறு: "அவன் சரிவரமாட்டான் சேர்." இதுவும் கழற்றிப் பார்க்காமல் சொல்லும் தீர்ப்புத்தான். பிள்ளை லீவர் அல்ல என்பது எனக்குத் தெரியும். பிள்ளையை மாற்றிப் பூட்ட முடியாது, ஓரங்கட்ட மட்டுமே முடியும். அதனால்தான் அஞ்சுகிறேன். சிறிய பொருட்களில் கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொல்லிப் பழகிய மனம், பெரிய இடத்தில் மட்டும் கண்ணைத் திறந்துகொள்ளும் என்பதற்கு என்ன உறுதி?

இன்னொன்றும் இருக்கிறது. 'திருத்த முடியாது' என்பது பொருளின் குணம் மட்டுமல்ல. திருத்தத் தெரிந்தவர் ஊரில் இல்லாதபோது, வெறும் கிறீஸ் காய்ந்த லீவரும் திருத்த முடியாததாகிவிடும். சந்தியில் இருக்கும் காக்காவின் பக்கத்தில் இன்று தொழில் பழக ஒரு பொடியனும் இல்லை. காப்பாற்றிய வேலைக்குக் கூலி கிடைக்காத தொழிலை எந்தப் பிள்ளை பழக வருவான்? அந்தக் கொட்டில் மூடப்படும் நாளில் நம் ஊரின் எல்லா லீவர்களும் ஒரே நாளில் தேய்ந்துபோகும். அதற்கு முன், அடுத்த முறை எதுவும் மாற்றாமல் திருத்திக் கொடுத்தவர் கூலி கேட்டால், என்ன மாற்றினீர்கள் என்று கேளாமல் கொடுத்துவிட்டு வருவோம்.