சுவரில் ஒட்ட முடிந்த காரணம்

"இது எனக்கு எதுக்கு?"

பள்ளிக்கூடத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கும் பையனை வகுப்புக்கு வெளியே நிற்க வைப்பார்கள். கேட்காமல் இருந்தவர்கள் பாஸாகி, வேலைக்கு வந்து, நாற்பது வயதில் மறுபடி ஒரு வகுப்பறையில் உட்காரும்போது அதே கேள்வி திரும்ப வருகிறது. இந்த முறை யாரையும் வெளியே அனுப்ப முடியாது. வீட்டுக் கடன், பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ், ஆறு மணிக்குப் பிடிக்க வேண்டிய ஆபீஸ் பஸ் எல்லாம் அவர்களோடு சேர்ந்து வகுப்புக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். வாய் திறந்து கேட்காதவர்களும் முகத்தில் கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள்.

நான் மென்பொருள் துறையில் இருக்கிறேன். வேலையோடு வேலையாகச் சில வருடங்களாகப் பயிற்சி வகுப்புகளும் எடுக்கிறேன். ஒரு பேட்ச்சில் மூன்று பேர் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். 18 வருடமாக மேனுவல் டெஸ்டிங் மட்டுமே செய்துவந்த 46 வயதுக்காரர். குழந்தைக்காக 6 வருடம் வீட்டில் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பிய பெண். மெக்கானிக்கல் முடித்துவிட்டு இந்தப் பக்கம் வந்து விழுந்த 24 வயதுப் பையன். மூவருக்கும் ஒரே பாடம், டெஸ்ட் ஆட்டோமேஷன். பெரியவர் பயத்தில் வந்திருந்தார். அந்தப் பெண், தனக்கு இன்னும் இதெல்லாம் வருகிறதா என்று தன்னையே சோதித்துப் பார்க்க வந்திருந்தார். பையனுக்கு இதை ரெஸ்யூமேயில் போட்டு வேறு கம்பெனிக்குத் தாவ வேண்டும்.

பயிற்சியாளர்களுக்கு மேலிடத்திலிருந்து வரும் அறிவுரை எப்போதும் ஒன்றுதான்: "நல்லா மோட்டிவேட் பண்ணுங்க." எனக்கு இந்த வார்த்தையில்தான் முள் குத்துகிறது. வண்டி தானாக நகராதபோதுதான் தள்ளுகிறோம். தள்ளுவதற்கு முன்னால் வண்டி எங்கே போக வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்திருக்க வேண்டும். வண்டியைக் கேட்டு யாரும் முடிவு செய்வதில்லை. மனிதர்கள் விஷயத்தில் இது சாதாரண நிர்வாகச் சிக்கல்தானா? வளர்ந்த ஒரு மனிதரிடம் ஒரு ஆசையை உண்டாக்க இன்னொருவருக்கு என்ன உரிமை இருக்கிறது?

மால்கம் நோல்ஸ் என்ற அமெரிக்கக் கல்வியாளர், பெரியவர்கள் கற்கும் விதமே வேறு என்று 1970களில் விரிவாக எழுதினார். ஏன் கற்கிறோம் என்று தெரிந்தால்தான் பெரியவர்கள் கற்பார்கள், தங்கள் அனுபவத்தையும் வகுப்புக்குள் கொண்டுவருவார்கள் என்பது அதன் சாரம். பயிற்சித் துறையில் இதை மேற்கோள் காட்டாதவர்கள் இல்லை. ஆனால் நடைமுறையில், "ஏன்" என்பதை ஒரு ஸ்லைடில் போட்டு, அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுகிறோம்.

இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வகுப்பறை நினைவுக்கு வரும். பார்த்ததில்லை, வாசித்ததுதான். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் ஜான்ஸ் தீவு என்று ஒரு இடம். 1950களில் அங்கே வாக்காளராகப் பதிய வேண்டுமானால் மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியை வாசித்துக் காட்ட வேண்டும். கறுப்பின மக்களை ஓட்டுச்சாவடிக்கு வெளியே நிறுத்த அது ஒரு வசதியான வேலி. தீவிலிருந்து சார்ல்ஸ்டன் நகருக்குக் கூலிவேலைக்குப் போகிறவர்களை ஈசா ஜென்கின்ஸ் தன் பஸ்ஸில் ஏற்றிச்செல்வார். போகிற வழியில் சட்டத்தின் அந்தப் பகுதியைச் சொல்லிக்கொடுப்பார். ஆலிஸ் வைன் என்ற பயணி அதைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்துவிட்டார். ஆனால் அவருக்கு அது போதவில்லை. நிஜமாகவே வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார்.

அதற்கு முன்பும் அங்கே முதியோர் வகுப்புகள் நடந்திருக்கின்றன, கூட்டம்தான் நிற்கவில்லை. ஹைலாண்டர் பள்ளியை நடத்திய மைல்ஸ் ஹார்ட்டன் காரணத்தைத் தேடிப்போனார். வளர்ந்த ஆண்களையும் பெண்களையும் பள்ளிப் பிள்ளைகளின் குட்டி பெஞ்சில் மடக்கி உட்கார வைத்திருந்தார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்துக் கேலி செய்தார்கள். எழுத்து தெரியாத வெட்கத்தோடு இந்த வெட்கமும் சேர்ந்தால் யார் வருவார்கள்?

நம் பயிற்சி அறைகளிலும் குட்டி பெஞ்ச் இருக்கிறது. 46 வயதுக்காரரின் பெயருக்கு எதிரே திரையில் மூன்று நட்சத்திரம், பையனுக்கு ஐந்து. முடித்தவர்களுக்குப் பேட்ஜ், கைதட்டல், சாக்லேட். இதற்குப் பெயர் ஊக்கமாம்.

1957 ஜனவரியில் ஜான்ஸ் தீவில் புதிதாக ஒரு வகுப்பு தொடங்கியது. முன்பக்கம் கூட்டுறவுக் கடை, பின்னால் வகுப்பு. எடுத்தவர் பெர்னிஸ் ராபின்சன், அழகு நிலையம் நடத்தியவர். ஆசிரியப் பயிற்சி இல்லாதவர் என்பதற்காகவே ஹார்ட்டனும் செப்டிமா கிளார்க்கும் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் நாள் வந்தவர்கள் 14 பேர். நான் டீச்சர் இல்லை, சேர்ந்துதான் கற்கப்போகிறோம் என்று சொல்லிவிட்டு, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். பெயர் எழுத வேண்டும், பைபிள் வாசிக்க வேண்டும், மணியார்டர் பாரம் நிரப்ப வேண்டும் என்று பதில்கள் வந்தன. குழந்தைகளுக்கான பாடப் பொருட்களை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தப் பாரங்களையே பாடமாக்கினார்.

கதை இதோடு முடிந்திருந்தால், 'கற்பவர் கேட்டதைக் கொடு' என்ற நீதியோடு நாமும் எழுந்து போயிருக்கலாம். ஆனால் அது மளிகைக்கடை நீதி. கேட்டதை எடுத்துக் கொடுப்பது மட்டும்தான் வேலை என்றால் ஆசிரியர் எதற்கு? கேட்கத் தெரியாததும் ஒன்று இருக்கலாமே. ராபின்சனுக்கும் கிளார்க்குக்கும் சொந்த நோக்கம் இருந்தது. இந்த மக்கள் ஓட்டுப் போட வேண்டும், தங்கள் உரிமையைப் பேச வேண்டும். அதை ராபின்சன் ஒளித்து வைக்கவில்லை. ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தை வகுப்பறைச் சுவரில் ஒட்டினார். பாடம் முடிவதற்குள் எல்லோரும் இதை வாசிக்க வேண்டும் என்பது அவர் எதிர்பார்ப்பு.

எனக்கு விடை கிடைத்தது அந்தச் சுவரில்தான். சொல்லிக்கொடுப்பவருக்குத் தனி நோக்கம் இருக்கலாம். அது எல்லோருக்கும் தெரியும்படி சுவரில் இருக்க வேண்டும். மணியார்டர் பாரத்துக்காக வந்தவர் அதை நிமிர்ந்து பார்க்கலாம், பார்க்காமல் பாரத்தை நிரப்பிவிட்டுப் போகவும் செய்யலாம்.

நம் ஊரிலும் இதற்கு அழகான உதாரணம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பின்னால் உறுதியாக நின்றார். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிள் வாங்கிய பெண்கள், அதுதான் வசதி என்று சொன்னதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் இல்லையா! எந்தப் பாடத்திட்டக் குழுவும் இந்தக் காரணத்தை யோசித்திருக்காது. இயக்கத்துக்கு விடுதலை ஒரு காரணம், அந்த அம்மாவுக்குக் குழந்தை ஒரு காரணம். ஒரே சைக்கிளில் இரண்டும் போயின.

ஆனால் சுவரில் ஒட்ட முடியாத காரணங்களும் இருக்கின்றன. நான் சொன்ன பேட்ச்சின் இறுதித் தேர்வு மதிப்பெண்கள் ஆள்குறைப்புப் பேச்சு நடக்கும் அறைக்குப் போகும் என்று தொடங்கும் முன்பே எனக்குச் சொல்லியிருந்தார்கள். "அவங்ககிட்ட சொல்லாதீங்க, டீமோட்டிவேட் ஆயிடுவாங்க" என்பது கூடவே வந்த அறிவுரை. பயந்துபோன மனிதரிடம் 'கற்றல் ஒரு பயணம்' என்று ஸ்லைடு காட்டுவது ஊக்கமா? முன்னால் பள்ளம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டே வண்டியைத் தள்ளுவதற்கு வேறு பெயர் இருக்கிறது.

முதல் நாளே சொல்லிவிட்டேன். மதிப்பெண் மேலே போகும், யாரை வைத்துக்கொள்வது என்ற பேச்சில் அதையும் பார்ப்பார்கள், எவ்வளவு தூரம் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. 46 வயதுக்காரர்தான் பேசினார்: "தெரியும் தம்பி. நீங்க சொல்றீங்களான்னுதான் பாத்துட்டு இருந்தேன்."

அதற்குப் பிறகு அவர் பிரமாதமாகக் கோடு எழுதினார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். எழுதவில்லை. சிண்டாக்ஸ் கடைசிவரை அவரோடு மல்லுக்கட்டியது. ஆனால் வேறொன்று கேட்டார்: "எழுதறத விடுங்க, மத்தவங்க எழுதினத படிக்கச் சொல்லிக்கொடுங்க." அந்தப் பையன் எழுதிய ஸ்கிரிப்டை வரிவரியாகப் படித்துவிட்டு, "ஓடிபி வர்றதுக்குள்ள நெட் போயிட்டா என்ன ஆகும்? அத இது பாக்கவே இல்லையே" என்றார். 18 வருடம் பிழைகளையே தேடிய கண். பையன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அந்தப் பெண்ணும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இது அவர் வேலையைக் காப்பாற்றுமா என்று அவர் கேட்கவில்லை. எனக்குத் தெரியாததால் நானும் சொல்லவில்லை.

உண்மையைச் சொன்னால் ஊக்கம் தானாக வந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. சிலருக்கு அன்றைக்கே கை கால் ஓடாமல் போகலாம். அவர் அன்றிரவே வேறு வேலைக்கு விண்ணப்பிக்கத் தொடங்கலாம். அதுவும் அவர் எடுக்கும் முடிவுதான். தன் நேரத்தை எதில் செலவழிப்பது என்று தெரிந்து முடிவெடுக்க அவருக்கு உரிமை இருக்கிறது.

அடுத்த மாதம் இன்னொரு பேட்ச் எடுக்கக் கேட்டிருக்கிறார்கள். மதிப்பெண் எங்கே போகும் என்பதை வகுப்பில் சொல்லலாமா என்று கேட்டு ஒரு மெயில் அனுப்பியிருக்கிறேன். சொல்லக் கூடாது என்று வந்தால் வகுப்பை எடுக்க மாட்டேன் என்றும் அதிலேயே எழுதிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை.