ஐந்தாம் மனைவியும் நாத்தனாரும்

ஓர் ஆண் கவிஞர் பெண்ணின் குரலில் பேசி ஊரைச் சிரிக்க வைக்கிறார். அந்தச் சிரிப்பு ஒரு சட்டம் வருவதற்கும் துணைநிற்கிறது. அப்படியானால் பெண்ணுக்கு நியாயம் கிடைத்துவிட்டதா?

இதழ்களில் நையாண்டிக் கவிதை உலகெங்கும் உண்டு. 1819இல் ட்ரேக், ஹாலெக் என்ற இரு இளைஞர்கள் நியூயார்க்கின் 'ஈவினிங் போஸ்ட்' நாளேட்டில் 'குரோக்கர்' என்ற புனைபெயரில் நகரத்து அரசியல்வாதிகளையும் பெரிய மனிதர்களையும் கேலி செய்தார்கள். அவர்கள் ஒரு பெயருக்குப் பின்னால் நின்றார்கள். நம் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஒரு பெண்ணுக்குப் பின்னால் நின்றார். 1917–18இல் 'தமிழன்' இதழில் வெளிவந்த 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' முழுவதையும் சொல்பவள் ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி.

நாஞ்சில் நாட்டு வேளாளரின் மருமக்கள்வழி முறையில் ஓர் ஆணின் குடும்பச் சொத்து அவன் பிள்ளைகளுக்குப் போகாது. சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். மனைவி மக்களுக்கு 'உகந்துடைமை' என்ற சிறு பங்குதான். ஆகவே அவளுடைய புலம்பல் பொய்யல்ல. 1926இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தை இயற்றி மக்களுக்கு உரிமை தந்தது. அந்த மாற்றத்துக்கு ஊரின் மனதைத் தயார்செய்ததில் இந்தக் கவிதைக்கும் பங்குண்டு.

ஆனால் சிரிப்பு யார்மேல் விழுகிறது? காரணவன்மேல் விழுகிறது, உண்மை. அதே அளவு மாமியார்மேலும் விழுகிறது. 'மாமி அரசியற் படலம்' என்று ஒரு பகுதியே இருக்கிறது. சொத்தின் சாவி ஆணின் இடுப்பில் இருக்க, அடுக்களையில் சண்டையிடும் பெண்கள் நமக்கு வேடிக்கையாகிறார்கள். மருமக்கள்வழியில் சகோதரிக்குப் பிறந்த வீடு கடைசிவரை அவள் வீடு. அந்த உறுதியை இழக்கப்போகிறவளின் பயத்தை மனைவியின் கோபம் வழியாக மட்டுமே கேட்கிறோம்.

ஜமுனாமரத்தூரில் மலையாளிப் பழங்குடி மாணவிகளோடு இதைப் படித்தபோது ஒருத்தி கேட்டாள்: "அந்த நாத்தனாருக்கு யாரு மேடம் பாட்டு எழுதுனாங்க?"

அது அவளுடைய வாழ்வைத் தொட்ட கேள்வி. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், அதன் 2(2) பிரிவின்படி, மத்திய அரசு தனியே அறிவித்தாலொழிய பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. 1989இல் தமிழ்நாடும் 2005இல் நாடாளுமன்றமும் மகள்களுக்குச் சமபங்கு தந்தது அந்தச் சட்டத்தைத் திருத்தித்தான். ஆகவே அந்தப் பங்கு ஜவ்வாது மலைப் பெண்ணுக்குத் தானாக வந்து சேர்வதில்லை. அவள் பங்கைப் பெரும்பாலும் வழக்காறும் அண்ணன் தம்பிகளின் மனசும் முடிவுசெய்கின்றன.

அவளுக்காக இன்னொரு கவிமணி வரட்டும் என்று நான் காத்திருக்கச் சொல்லமாட்டேன். இரவல் குரல் ஒரு பெண்ணின் வலியைச் சொல்லலாம். எந்தப் பெண்ணின் வலி என்று தேர்ந்தெடுப்பது இரவல் வாங்கியவர்தான். மனைவிக்கும் நாத்தனாருக்கும் ஒரே நேரத்தில் நியாயம் கேட்கும் எள்ளல் வேண்டுமென்றால், அதை எழுதும் கை இருவரில் ஒருத்தியுடையதாக இருக்க வேண்டும். சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்பதை அவள் மறக்கமாட்டாள்.