புண்படுத்திப் புகட்டலாமா?

1968 ஏப்ரல் 4ஆம் நாள் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள், அயோவா மாநிலத்து ரைஸ்வில் என்னும் சிற்றூரில், மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஜேன் எலியட் இனவெறி என்பது யாது எனத் தம் மாணவர்க்கு உணர்த்த வேண்டியிருந்தது. அனைவரும் வெள்ளையினக் குழந்தைகள். சொல்லால் விளங்காதென்று எண்ணிய அவர், கண்ணின் நிறத்தால் வகுப்பை இரண்டாகப் பிரித்தார். ஒரு நிறத்தார் உயர்ந்தோர், மற்றவர் தாழ்ந்தோர் என்றார். உயர்ந்தோர்க்கு விளையாட்டு நேரம் கூடுதல்; அவர்கள் அருந்தும் குழாயில் தாழ்ந்தோர் வாய்வைத்தல் ஆகாது. அடுத்த வகுப்பு நாளில் நிலையை மாற்றினார்.

1970இல் இப்பயிற்சி படமாக்கப்பட்டது. தாழ்த்தப்பட்ட நாளில் வாசிப்பு அட்டைகளை முடிக்க 5½ நிமிடம் கொண்ட பழுப்புக்கண் குழந்தைகள், உயர்த்தப்பட்ட நாளில் 2½ நிமிடத்தில் முடித்தனர்! அறிவு ஓரிரவில் வளர்ந்ததா என்ன?

ஆசிரியப் பயிற்சி மாணவியரிடம் இதனை எடுத்துரைக்கும்போதெல்லாம், "நாமும் செய்து பார்க்கலாமா, அம்மா?" என்று எவளேனும் கேட்பாள். தொடக்கத்தில் நானும் இசைந்தேன். பின்னர் மனம் ஒப்பவில்லை. எட்டு வயதுக் குழந்தை ஆசிரியையின் சொல்லை அப்படியே நம்பும். அந்நம்பிக்கையைக் கருவியாக்கி அழவைப்பதும் ஊறு செய்தலே. நோக்கம் நன்றாயினும் அக்கண்ணீர் மெய்யானது. அன்றியும், துன்புற்றோரினும் எனக்குத் துயர் தருபவர், நொடியில் கொடுமைக்கு இசைந்துவிட்ட 'உயர்ந்தோரே'. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்று நம் நூல்கள் மூன்றாய்ப் பிரித்ததில், இளையோர் இடறுவது மூன்றாவதில்தான்.

ஆதலின் இப்போது கதையாகவே கூறுகிறேன். பாதியில் நிறுத்தி, "நீ உயர்ந்தோர் வரிசையில் இருந்தால் எழுந்து சென்று தாழ்ந்தோர் அருகே அமர்வாயா?" என வினவுவேன். எல்லாரும் உடனே "அமர்வோம்" என்பர். அது பாடம் ஒப்பித்தல், விடையன்று.

சென்ற கோடை வகுப்பில் என் பிழையொன்றைக் கூறினேன். பள்ளி ஆண்டுவிழா நாடகத்தில், இனிய குரலுடைய கரிய சிறுமியைத் திரைக்குப் பின்னே பாடவைத்து, சிவந்த சிறுமியை அரசியாக்கி வாயசைக்கச் செய்தேன். தலைமையாசிரியர் முதல் பெற்றோர் வரை ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. நாற்பதாண்டுகள் கடந்தும் அப்பெண்ணின் முகம் என்னை விட்டு அகலவில்லை.

பிள்ளைகள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கடைசி வரிசைச் சிறுவன் ஒருவன் மெல்ல எழுந்தான்.

"நான் போய் உட்கார்ந்திருக்க மாட்டேன், பாட்டி. விளையாட்டு நேரம் போய்விடுமே."

அவனிடமிருந்துதான் அன்றைய பாடத்தைத் தொடங்கினேன்.