செய்பவன் எங்கே? தானியங்கு நிறுவலும் நிமித்த காரணமும்

ஒரு செயல் நிகழ்வதற்குச் செய்பவன் ஒருவன் வேண்டுமா, அல்லது ஏற்ற சார்புகள் கூடினால் அது தானே நிகழ்ந்துவிடுமா என்பது, சைவரும் பௌத்தரும் நெடுங்காலம் வழக்காடிய வினாவாகும். இலங்கையின் இரத்தினபுரி மாவட்டத்துக் கலவானப் பகுதியில் தேயிலைத் தோட்ட லயங்களை அடுத்த கோயில்களும் கிராமத்து விகாரைகளும் ஒரே மலைச்சரிவுகளில் அமைந்திருப்பதால், இவ்வினாவுக்கான இரண்டு விடைகளும் அங்கு அயலவராகவே வாழ்கின்றன. அலுவலகக் கணினிகளுக்கு வலையமைப்பின் வழியே, ஆள் தொடாமல், பணிசெயல் முறைமையை நிறுவும் இன்றைய வழக்கம், அப்பழைய வழக்கை மீண்டும் எடுத்து ஆராய இடந்தருகிறது.

பணிசெயல் முறைமை என்பது கணினியின் உறுப்புகளையும் அதில் இயங்கும் மென்பொருள்களையும் ஆளும் அடிப்படை மென்பொருளாகும். அது இல்லாத கணினியிலும், வலையமைப்பு அட்டையோடு வரும் ஒரு சிறு நிரல் தொழிற்பட வல்லது. இன்டெல் நிறுவனம் 1999இல் வெளியிட்ட பி.எக்ஸ்.இ. 2.1 விதிமுறையின்படி, மின்னூட்டியதும் அந்நிரல் தனக்கு ஒரு முகவரி வேண்டுமென்று வலையமைப்பு முழுவதற்கும் அறிவிக்கிறது, டி.எச்.சி.பி. எனப்படும் முகவரி வழங்கும் சேவை, முகவரியோடு தொடக்கக் கோப்பு இருக்கும் இடத்தையும் தெரிவிக்கிறது, டி.எஃப்.டி.பி. என்னும் எளிய கோப்புப் பரிமாற்ற நெறியால் அக்கோப்பு நினைவகத்துக்கு வந்து, நிறுவல் நிரலை வரவழைக்கிறது. மொழி எது, வன்தட்டை எவ்வாறு பகுப்பது, எந்த மென்பொருள்களைச் சேர்ப்பது என அந்நிரல் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு, விடைக்கோப்பு ஒன்று முன்கூட்டியே மறுமொழி வைத்திருக்கிறது. ரெட் ஹாட் மரபில் இது கிக்ஸ்டார்ட் என்றும் டெபியன் மரபில் பிரிசீட் என்றும் பெயர்பெறும். ஒரு கணினியானாலும் நூறானாலும், விசைப்பலகையை எவரும் தொடாமலேயே வேலை முடிந்துவிடுகிறது.

கண்ணுக்குத் தெரிவதை மட்டும் கொண்டு முடிவு செய்பவர், இங்கே இயந்திரம் தன்னைத் தானே ஆக்கிக்கொண்டது என்றே கூறுவார். சைவ சித்தாந்தம் இம்முடிவை ஏற்பதில்லை. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களால் அமைத்த சிவஞானபோதத்தின் வழிவந்த நெறி, எக்காரியத்துக்கும் மூன்று காரணங்களை வகுக்கிறது: குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகத் தோற்றத்தில் இவை முறையே மாயை, சத்தி, சிவன் எனப்படும். இவ்வகுப்பை நிறுவலுக்குப் பொருத்தினால், மென்பொருள் பொதிகள் முதற்காரணமாகவும், கம்பிகளும் நெறிமுறைகளும், கோப்புகளை வழங்கும் கணினியாகிய சேவையகமும் துணைக்காரணமாகவும் நிற்கும். எந்நேரமும் விழித்திருந்து எல்லாக் கணினிகளுக்கும் வழங்குவதால் சேவையகத்தையே செய்பவன் எனக் கொள்ள மனம் நாடினும், சடம் தன் அறிவால் தொழிற்படாது என்னும் சித்தாந்தத் துணிபு அதைத் தடுத்துவிடுகிறது. விடைக்கோப்பை எழுதிய மனிதரே நிமித்த காரணர். நிறுவல் நிகழும் நேரத்தில் அவர் உறங்கிக்கொண்டிருந்தாலும் அந்நிலை மாறாது. தானியக்கம் செய்பவனை நீக்கவில்லை. அவனுடைய செயலைக் காலத்தால் முன்னே நகர்த்தியிருக்கிறது.

பௌத்தம் இதே நிகழ்வை வேறு விதமாக விளக்கும். ஒன்றைச் சார்ந்து மற்றொன்று தோன்றுவதைக் கூறும் பன்னிரு சார்புகளின் கொள்கை தமிழில் மணிமேகலையிலும் விரித்துரைக்கப்பட்டுள்ளது. முகவரியைச் சார்ந்து கோப்பும், கோப்பைச் சார்ந்து நிரலும், நிரலைச் சார்ந்து முறைமையும் தோன்றும் வரிசை அக்கொள்கைக்கு நன்கு இசைகிறது. மிலிந்த மன்னனுக்கும் நாகசேனர் என்னும் பிக்குவுக்கும் நிகழ்ந்த உரையாடலாக அமைந்த பாளி நூல், ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கு ஏற்றப்படும்போது சுடர் எதுவும் இடம்பெயர்வதில்லை என்று காட்டி, உயிர் என ஒன்று செல்லாமலே மறுபிறப்பு நிகழும் என்கிறது. சேவையகத்திலிருந்தும் எதுவும் வெளியேறுவதில்லை. கோப்பு அங்கேயே இருக்க, அதன் அமைப்பு மட்டும் வேறோரிடத்தில் தோன்றுகிறது.

அவ்வாறு தோன்றியவை ஒன்றா பலவா என்பதும் ஆராயத்தக்கது. தாய்ச்செடியின் ஓர் இலை கொண்ட தண்டுத் துண்டிலிருந்து வளர்க்கப்படும் வீ.பி. தேயிலை, விதைத் தேயிலையைப் போல் செடிக்குச் செடி வேறுபடாமல், தாயின் விளைச்சலோடு அதன் நோய்க்குறையையும் மலை முழுவதற்கும் கொண்டுசெல்வது போல, ஒரே விடைக்கோப்பால் உருவான கணினிகளும் நலத்திலும் பிழையிலும் ஒத்திருக்கும். எனினும் பெயர், அடையாள எண், மறைகுறித் திறவுகோல் ஆகியவற்றை ஒவ்வொரு கணினியும் தனக்கெனப் பெறவேண்டும். நிறுவி முடித்த ஒரு கணினியை அப்படியே படியெடுக்கும் முறையில், விண்டோஸின் சிஸ்பிரெப் போன்ற கருவிகள் முந்தைய அடையாளத்தைக் களைவது இதற்காகவே. மறுபிறப்பவர் அவரேயா பிறரா என்ற வினாவுக்கு, அதுவுமன்று, பிறிதுமன்று என்று நாகசேனர் தந்த விடை இங்கே பொருந்துகிறது.

இருப்பினும் சார்புகளின் வரிசை மட்டுமே போதும் என்று கொண்டால், விடைக்கோப்பில் வன்தட்டைப் பற்றி எழுதப்பட்ட ஒரு தவறான வரி எல்லாக் கணினிகளின் தரவையும் அழித்துவிடும்போது, அதற்கு எவரும் பொறுப்பாளி அல்லர் என்றாகிவிடும். பௌத்தமும் அந்த முடிவுக்குச் செல்வதில்லை. சேதனை எனப்படும் மன உந்துதலே கன்மம் என்பது அதன் அடிப்படைப் போதனையாகும். செய்பவன் என நிலையான ஒரு பொருள் உண்டா என்பதில் இரு சமயங்களும் இறுதிவரை மாறுபட்டாலும், வினை பிறக்குமிடம் கருவியன்று, அறிவுடைய எண்ணமே என்பதில் உடன்படுகின்றன.

இவ்வுடன்பாடு தோட்ட வாழ்வுக்குத் தொலைவானதன்று. கொழுந்தின் நிறை குறைந்தால் ஒரு நாள் வேலையை முழுப்பேராகக் கொள்ளாமல் அரைப்பேராக எழுதும் முடிவு, முன்பு கணக்கப்பிள்ளையின் வாயிலிருந்து வந்தது. அவரிடம் வாதிட முடிந்தது. அதே விதி ஒரு சம்பள மென்பொருளுக்குள் எழுதப்பட்டு, தொலைவிலுள்ள சேவையகத்திலிருந்து பல தோட்ட அலுவலகங்களில் ஒரே நாளில் நிறுவப்படுமானால், கணினி அப்படித்தான் காட்டுகிறது என்ற மறுமொழியே தொழிலாளிக்கு மிஞ்சும். சித்தாந்த மொழியில் அம்மறுமொழி துணைக்காரணத்தை நிமித்த காரணமாகக் கூறும் பிழையாகும்; பௌத்த மொழியில் அது சேதனையை மறைப்பதாகும். விதியை எழுதியவரும் எழுதச் சொன்னவரும் பெயர் அறியப்பட்டு வினவப்படத்தக்கவராக இருக்கவேண்டும் என்பதே இரண்டு நெறிகளிலிருந்தும் பெறப்படும் முடிவாகும். ஒரே எழுத்து பல இடங்களில் செயலாகும்போது அதன் வினையும் அத்தனை மடங்கு பெருகுவதால், கை விலகிய தொலைவு அவர்களுடைய பொறுப்பைக் கூட்டுகிறதேயன்றிக் குறைப்பதில்லை.